அந்தக் கண்மாய்க்கு எத்தனை மடை?

வறட்சியைப் பற்றி நான் ஒரு கதை எழுதியிருக்கிறேன். எழுதி இருபது வருஷங்கள் ஆகின்றன. இன்று வரை அதைப் பற்றி எந்த விமர்சகரும் குறை சொன்னதில்லை. இரண்டு மூன்று தொகுப்புகளில் சேர்த்தும் இருக்கிறார்கள். கதையின் முதல் வாக்கியத்திலேயே கண்மாய் வெடித்துக் கிடக்கும். இரண்டாவது பாராவில் ஒரு கிழவர் வானத்தை அண்ணாந்து பார்ப்பார். மூன்றாவது பாராவில் ஒரு பெண் காலிக் குடத்தோடு வருவாள். கடைசியில் ஒரு மாடு செத்துப்போகும். மழை வராது, அல்லது மாடு செத்த பிறகு வரும். எது என்று எனக்கே இப்போது சரியாக ஞாபகம் இல்லை. எப்படி முடித்திருந்தாலும் கதை அப்படியேதான் இருந்திருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் சாத்தூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவரை அறிமுகப்படுத்தினார்கள். அந்த ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று அளந்து விடுவதும் அவர் வேலை. அவருடைய பேரன் கல்லூரியில் படிக்கிறவன். என் கதையைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பெரியவர் என்னைப் பார்த்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“கதெ நல்லாத்தான் இருக்கு தம்பி. ஒரு சந்தேகம். அந்தக் கம்மாய்க்கு எத்தனை மடை?”

நான் விழித்தேன்.

“சரி, வரத்து எங்கெயிருந்து வருது? மறுகால் பாஞ்சா எந்த ஊருக் கம்மாய்க்குப் போகும்?”

“அதெல்லாம் கதைக்குத் தேவைப்படவில்லை, பெரியவரே” என்றேன்.

“அப்பிடியா” என்றார் அவர். எனக்காக அவர் வெட்கப்பட்டது போல் இருந்தது. “காப்பி ஆறுது, குடிங்க.”

அன்று முதல், வறட்சியைச் சொல்லும் எந்தக் கதையை எடுத்தாலும் எனக்கு அந்தக் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. நான் விமர்சகன் அல்ல. கதை எழுதுகிறவன் மற்றவர்கள் கதையைப் படிக்கும்போது தன் கதையின் ஓட்டைகளைத்தான் அதிலும் தேடுவான். அந்த முறையில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் தாகத்தைப் பற்றி உயர்ந்த எழுத்து உண்டு என்பதில் சந்தேகமில்லை. கந்தர்வனின் ‘தண்ணீர்’ என்ற சிறுகதையைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். ராமநாதபுரத்துச் சீமையில் ஒரு சின்ன ரயில் நிலையம். பாசஞ்சர் வண்டி வந்து நிற்கும் சில நிமிஷங்களுக்குள் பெட்டிக்குள் ஏறி, கை கழுவும் குழாயில் குடம் நிரப்பப் பெண்கள் முண்டியடிக்கிறார்கள். ஒரு நாள் இந்திரா என்ற பெண் இறங்குவதற்குள் வண்டி புறப்பட்டுவிடுகிறது. ஊரே பதறித் தேடுகிறது. அவளோ தண்டவாளத்தோடு நடந்து திரும்பி வருகிறாள், இடுப்பில் நிறைகுடத்தோடு. இத்தனை தூரமும் அந்தத் தண்ணீரை அவள் கொட்டவில்லை. கந்தர்வன் எங்கும் குரலை உயர்த்துவதில்லை. அந்தக் குடத்தின் கனம் மட்டும் நம் இடுப்பில் ஏறிவிடுகிறது.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980-ல் நாடகமாக மேடையேறியது. 1981-ல் கே. பாலசந்தர் அதைப் படமாக எடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்து அத்திப்பட்டி என்ற கற்பனை ஊரை அது தமிழ்நாடு முழுவதும் அறியும்படி செய்துவிட்டது. மனுக்களாலும் வாக்குறுதிகளாலும் தாகம் தீராது என்பதை அவ்வளவு கோபத்தோடு அதற்கு முன் யாரும் நம் மேடையில் சொல்லவில்லை.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் வறட்சி இன்னும் மறைவாக இருக்கிறது. தீர்வை பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கதவைப் பிடித்து விளையாடிய குழந்தைகளைப் பற்றிய கதை அது. குழந்தைகளின் தகப்பன் ஊரில் இல்லை. மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறான். பணமும் வரவில்லை, கடிதாசியும் வரவில்லை. மணிமுத்தாறு அணை 1950-களில் கட்டப்பட்டது. கரிசல்காட்டுச் சம்சாரி பிழைப்புக்காக வேறு சீமையின் தண்ணீர் வேலைக்குப் போகிறான் என்ற பெரிய சரித்திரத்தைக் கி.ரா. ஒரு வரியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக, தாகத்தைச் சொல்ல நமக்குத் தெரியும். தண்ணீரைக் காக்கும் வேலையைச் சொல்லத்தான் தெரியவில்லை. கந்தர்வன் கதையில் கண்மாய் ஏன் வரவில்லை என்று கேட்பது அநியாயம். சிறுகதை ஒரு ரயிலைப் பிடித்தால் ரயிலோடுதான் போகவேண்டும். ஆனால் நூறு கதைகள் எழுதப்பட்ட பிறகும் அந்த நூறிலும் கண்மாய் வெடித்த நிலமாக மட்டுமே வந்தால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது.

இந்தக் கோளாறு இலக்கியத்தோடு நிற்பதும் இல்லை. பட்டணத்தில் இருக்கும் நாம் கிராமத்து வறட்சியைத் தெரிந்துகொள்வதே பெரும்பாலும் கதை மூலமும் படம் மூலமும்தான். அவை நமக்கு என்ன சொல்லிக் கொடுத்திருக்கின்றன? அந்தச் சீமையில் மழையே கிடையாது; அது சபிக்கப்பட்ட மண்; அங்குள்ளவர்கள் பாவம் என்று. உண்மை என்ன? ராமநாதபுரம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சராசரி 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மழைக்குப் பெயர்போன லண்டன் நகரத்தில் பெய்வது சுமார் 600. வித்தியாசம் எங்கே என்றால், லண்டன் மழை பன்னிரண்டு மாதமும் தூறிக்கொண்டே இருப்பது. நம் மழை பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெயில். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரிந்தால் ஊர். தெரியாவிட்டால் கதையில் வரும் கிழவர்.

பிடித்து வைக்கத் தெரிந்துதான் இருந்தது. தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று சுமார் 39,000 இருப்பதாகக் கணக்கு. புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் யோசனை இதுதான்: உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, பள்ளமான இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துகிறவர்களே பெயரை நிறுத்துகிறவர்கள். அந்தப் புலவர் அரசனிடம் தாகத்தைச் சொல்லி அழவில்லை. வேலையைச் சொன்னார். நம் இலக்கியத்தின் ஆரம்பத்திலேயே இருந்த இந்தக் குரல் நாவல் காலத்தில் எங்கே போயிற்று என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

கண்மாய் என்பது ஒரு பள்ளம் அல்ல. பெரியவர் கேட்ட மூன்று கேள்விகளில் அதன் முழு ரகசியமும் இருக்கிறது. தண்ணீர் வந்து சேர வரத்துக்கால் வேண்டும். அதைத் தாங்கக் கரை வேண்டும். வயலுக்கு விட மடை, மிஞ்சியது கரையை உடைக்காமல் வெளியேறக் கலிங்கு. கலிங்கிலிருந்து மறுகால் பாய்வது வீணாகப் போவதில்லை. கீழே உள்ள ஊரின் கண்மாய்க்கு அதுவே வரத்து. இப்படி ஒரு கண்மாயிலிருந்து இன்னொன்றுக்கு, மாலை கோத்தது போல் போகும். மேலூர்க்காரன் கலிங்கை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால் கீழூர்க்காரனுக்குப் பஞ்சம். மழை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

பழைய கண்மாய்களில் குமிழி மடை இருக்கும். கரைக்கு உள்ளே, தண்ணீருக்கு நடுவே நிற்கும் மடை அது. கண்மாய் நிறைந்திருக்கும்போது அதைத் திறக்க வேண்டுமானால் ஒருவன் நீந்திப் போய் முங்கவேண்டும். கோடையில் தண்ணீர் வற்றியதும் சம்சாரிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கண்மாய்க்குள் படிந்த கரம்பை மண்ணை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் நிலத்தில் கொட்டுவார்கள். நிலத்துக்கு உரம், கண்மாய்க்கு ஆழம். தூர் வாரவேண்டும் என்று யாரும் தீர்மானம் போடவேண்டியதில்லை. மூட்டையில் உரம் வந்த பிறகு கரம்பை தேவைப்படவில்லை. கண்மாய் மண்ணை அள்ள அனுமதிச் சீட்டு வேண்டும் என்றும் ஆயிற்று. மண் கண்மாயிலேயே தங்கியது. அதன்மேல் சீமைக்கருவேலம் முளைத்தது.

இங்கேதான் கதைக்காரனுக்குச் சங்கடம். கண்மாய் ஒரு நாளில் சாவதில்லை. முப்பது வருஷம், நாற்பது வருஷம், வருஷத்துக்கு ஒரு விரற்கடை மண். இதில் எந்த நாளைப் பிடித்துக் கதை எழுதுவது? தாகத்துக்கு ஒரு முகம் உண்டு. குடத்தோடு ஒரு பெண் நின்றால் போதும். காக்கும் வேலைக்கோ நூறு கைகள். ஒரு முகமும் தனியாகத் தெரியாது. அந்த வேலை நன்றாக நடந்தது என்பதற்கு அடையாளமே ஒன்றும் நடக்காததுதான். கரை உடையவில்லை, பயிர் கருகவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கதைக்கு எதிரி வேண்டும். அதனால் வானத்தை எதிரியாக்குகிறோம், இல்லாவிட்டால் சர்க்காரை. ‘தண்ணீர் தண்ணீ’ரில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஊர் ஜனங்கள் தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டப் புறப்படுவது. ஒரு நிமிஷம் நாடகம் புலம்பலை விட்டு வேலைக்கு வந்துவிடுகிறது. யார் எத்தனை முழம் வெட்டுவது, யார் நிலத்தின் வழியாகப் போவது, வெட்ட வராதவனுக்குத் தண்ணீர் உண்டா என்று எத்தனை கேள்விகள் அங்கே காத்திருக்கின்றன! ஆனால் அதிகாரிகள் வந்து தடுத்துவிடுகிறார்கள். கால்வாய் நின்றுவிடுகிறது, மோதல் தொடங்கிவிடுகிறது. அது தவறு என்று நான் சொல்லவில்லை. கோமல் சொல்ல வந்தது அதைத்தான். ஆயினும் அந்தக் கால்வாய் இன்னும் நாலு காட்சி வெட்டப்பட்டிருக்கலாகாதா என்று எனக்கு ஓர் ஆசை.

எதிரியில்லாமலும் இதைச் சொல்ல முடியும் என்பதற்கு இந்தியில் சாட்சி இருக்கிறது. தில்லி காந்தி சமாதான நிறுவனத்தைச் சேர்ந்த அனுபம் மிஸ்ரா 1993-ல் ‘ஆஜ் பீ கரே ஹைங் தாலாப்’ என்று ஒரு புஸ்தகம் எழுதினார். குளங்களைப் பற்றியது. குளம் வெட்டியவர்கள் யார், அவர்களுக்கு என்ன பெயர், கரைக்கு எப்படி மண் போட்டார்கள் என்பதைப் பாட்டி கதை சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகிறார். பதிப்புரிமை கூட வைத்துக்கொள்ளவில்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அது நாவல் அல்ல. ஆனால் வேலையைச் சொல்வதிலேயே ருசி உண்டு என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

தமிழ் நாவலில் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது சோ. தர்மனின் ‘சூல்’. 2016-ல் வெளிவந்தது, 2019-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எட்டயபுரம் பக்கத்து உருளைக்குடிக் கண்மாய்தான் அதில் கதாநாயகன், கதாநாயகி எல்லாம். நிறைந்த கண்மாயை நிறைசூலியாகக் காணும் பார்வை தலைப்பிலேயே இருக்கிறது. நீர்ப்பாய்ச்சி, மடை, கரைமேல் மரம், மீன், பறவை, காவல் தெய்வம் என்று ஒவ்வொன்றும் இன்னொன்றைத் தாங்கிக்கொண்டு நிற்பதை அவர் காட்டுகிறார். சாத்தூர்ப் பெரியவர் அந்த நாவலைக் கேட்டிருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார். நம்மில் பலருக்கு ஊர் என்றால் மனிதர்கள் மட்டும். தர்மனுக்கு ஊர் என்றால் கண்மாயும் அதைச் சார்ந்தவையும். மனிதர்கள் அவற்றில் ஒரு வகை. இது சாமானியமான சாதனை அல்ல.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தில் நான் அவரோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. ‘சூல்’ ஜமீன் காலத்தில் தொடங்கி விடுதலைக்குப் பிந்திய காலத்துக்கு வருகிறது. முன்பாதியில் கண்மாய் நிறைகிறது, பின்பாதியில் தூர்ந்துபோகிறது. முன்பாதியை எழுதும்போது அவருக்கு அன்பு. பின்பாதியை எழுதும்போது கோபம். கோபம் வந்ததும் கதாபாத்திரங்கள் சுருங்கிவிடுகிறார்கள். ஆசிரியரே பேச ஆரம்பித்துவிடுகிறார். நாவலை மூடும்போது, பழைய காலம் நல்ல காலம், பிறகு வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்ற முடிவோடு வாசகன் எழுந்து போகலாம். வானத்துக்குப் பதில் காலத்தையே எதிரியாக்கிவிட்டது போல் இருக்கிறது.

பழைய காலம் அவ்வளவு சுலபமானதா? குடிமராமத்து என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். 1858-ல் கும்பெனி சர்க்கார் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் போட்டது. அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைப்புக்கும் மராமத்துக்கும் வர மறுக்கிறவனைத் தண்டிக்கலாம் என்பது அதன் சாரம். எல்லாரும் மனமுவந்து செய்த வேலைக்கு எதற்குச் சட்டம்? டேவிட் மோஸ் என்ற மானிடவியல் அறிஞர் சிவகங்கை, ராமநாதபுரத்துக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-ல் ஒரு பெரிய புஸ்தகம் வெளியிட்டார். கண்மாய் என்பது தண்ணீர்த் தொட்டி மட்டுமல்ல, அதிகாரமும் மரியாதையும் பங்கிடப்படும் இடம் என்பது அவர் கண்டது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் மடையில் முதல் தண்ணீர் யாருக்கு என்பதும் ஒரே கணக்கில் அடங்கியவை. கரைக்கு மண் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கண்மாயின் கீழ் ஒரு செண்டு நிலம் வைத்திருந்தார்கள்? கண்மாய்க்குத் தண்ணீர் விடத் தெரிந்தவனை ஊருணியில் தண்ணீர் மொள்ள விடாத ஊர்கள் உண்டா, இல்லையா?

கண்மாய் நிறைந்திருந்தது, நியாயம் நிறைந்திருக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் நாவல்தான் நமக்கு வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் பழம்பெருமை. மற்றதை மட்டும் சொன்னால், பழையதில் கற்க ஒன்றுமில்லை என்று கண்மாயையும் சேர்த்துத் தலைமுழுகிவிடுவோம். இதில் ஆபத்து கொஞ்சமல்ல. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்தார்கள். அதே 2017-ல் அரசு ஏரி, கண்மாய்களைச் சீர்படுத்த ஒரு திட்டம் தொடங்கி, அதற்குக் குடிமராமத்து என்ற பழைய பெயரையே வைத்தது. பெயர் திரும்பி வந்துவிட்டது. அதில் ‘குடி’ என்பது யார்? நிலம் உள்ளவன் மட்டுமா, மண் சுமப்பவளும் சேர்த்தியா? இதைக் கேட்க வேண்டியவர்கள் நாவலாசிரியர்கள். அறிக்கையில் இதற்கு இடம் இருக்காது.

கதை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பெரியவர் அன்று காப்பி குடித்து முடித்த பிறகு ஒரு வழக்கத்தைச் சொன்னார். கண்மாய் அரைவாசி மட்டும் நிறைந்த வருஷத்தில் ஊர்க்கூட்டம் போடுவார்களாம். எவ்வளவு நிலம் பயிரிடலாம் என்று தீர்மானமாகும். அதற்குப் பிறகு நிலத்துச் சொந்தக்காரன் யாரும் மடைப்பக்கம் வரக்கூடாது. வாய்க்காலில் மண்வெட்டி போடக்கூடாது. தண்ணீர் முழுதும் நீர்ப்பாய்ச்சியின் கையில். பெரிய நிலமோ சின்ன நிலமோ, முறை வந்தால்தான் தண்ணீர்.

“ராத்திரி ரெண்டு மணிக்கு எம் மச்சான் வந்து நிப்பான். ‘மாமா, ஒரு நாழி மடையெ அடைக்காம இருங்க, பயிரு சாகுது’ம்பான். அடுத்த முறை ஒரு அறுதலிப் பொம்பளையோட குண்டு. அவ தூங்கிட்டிருப்பா. அவளுக்குத் தெரியாது.”

“என்ன செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“அடைச்சேன். பதினோரு வருசம் அவன் எங்க வீட்டுப் படி மிதிக்கலெ.”

இதில் வெடித்த நிலம் இல்லை. காலிக் குடம் இல்லை. செத்த மாடு இல்லை. தண்ணீர் அரைக்கண்மாய் இருக்கிறது. ஆயினும் தமிழில் இன்னும் எழுதப்படாத ஒரு நாவல் அந்த ராத்திரி இரண்டு மணிக்கு மடைமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மனிதர் தாகத்தால் வதைபட்டவர் அல்ல. மற்றவர்களுக்குத் தாகம் வராமல் பார்த்துக்கொண்டவர். அவர்மேல் இரக்கப்பட நமக்கு இடமே இல்லை. வறட்சிக் கதைகளைப் படித்து இரக்கப்பட்டுப் பழகிய நமக்கு, அதனாலேயே அவரை என்ன செய்வதென்று தெரிவதில்லை.

மறுநாள் காலையில் பேரன் என்னைக் கண்மாய்க்கு அழைத்துப் போனான். நானே எண்ணிப் பார்த்தேன். மூன்று மடை. ஒன்று தூர்ந்துபோய்க் கருவேலத்துக்குள் கிடந்தது. மறுகால் கிழக்கே அடுத்த ஊருக்குப் போகிறது.

என் கதையை மறுபடியும் அச்சிடப்போவதாகச் சமீபத்தில் பதிப்பாளர் சொன்னார். திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார். மூன்று மடை என்று ஒரு வரி சேர்த்துவிடலாமா என்று யோசித்தேன். சேர்த்துப் பார்த்தால், அந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் வந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் எழுந்து வரத்துக்கால் பக்கம் போய்விட்டார். மாடு சாக வேண்டிய காரணமும் பழையபடி இல்லை. கதையைத் திருத்த முடியாது, வேறுதான் எழுத வேண்டும் என்று பதிப்பாளருக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.